நிரையில் நடந்த கால்கள் நின்றுவிடலாமா?



இந்த முறை உங்களிடம் ஒரு கேள்வியோடு வருகிறோம். நேற்று நீங்கள் எவ்வளவு தூரம் நடந்தீர்கள்? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். "வீட்டு வாசலிலிருந்து மோட்டார் சைக்கிள் வரைக்கும், அதிலிருந்து வேலை இடத்து நாற்காலி வரைக்கும்" என்பது உங்கள் பதிலானால், இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான் எழுதப்படுகிறது.

நம்முடைய அப்பா அம்மா நடந்த நடையை நினைத்துப் பாருங்கள். இருட்டோடு எழுந்து, பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, விடியும் முன்பே நிரையில் இறங்கினார்கள். ஒரு நிரைக்கு ஐந்நூறு மரம் என்று வைத்துக்கொண்டாலும், வெட்டுவதற்கு ஒரு தடவை, மங்கிலிருந்து பால் எடுப்பதற்கு ஒரு தடவை என்று அத்தனை மரத்தையும் இரண்டு தடவை சுற்றி வரவேண்டும். மேடு பள்ளம் பார்க்க முடியாது. பிறகு காண்டா வாளியைத் தோளில் வைத்துக்கொண்டு ஸ்டோருக்கு நடை. இதெல்லாம் போக, கடைக்கு நடை, கோயிலுக்கு நடை, பக்கத்துத் தோட்டத்தில் கல்யாணம் என்றால் அதற்கும் நடைதான்.

அந்தக் காலத்தில் நோயே இல்லை என்று நாங்கள் கதை சொல்லப் போவதில்லை. மலேரியா இருந்தது, கொக்கிப்புழு இருந்தது, இரத்த சோகை இருந்தது. பிள்ளைகளை இழந்த தாய்மார்கள் ஏராளம். ஆனால் சர்க்கரை வியாதி என்ற பெயரை இன்று போல வீட்டுக்கு வீடு கேட்டதில்லை.

இன்று நிலைமை வேறு. 1970, 80-ஆம் ஆண்டுகளில் பால்மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை வந்தது. பின்னால் பல தோட்டங்கள் விற்கப்பட்டுத் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குப் போனோம். நிரையில் நடந்தவர் ஜாகா வேலைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மகன் லாரி ஓட்டுகிறார், மகள் தொழிற்சாலையில் ஒரே இடத்தில் நின்று வேலை பார்க்கிறாள். கால் நின்றுவிட்டது. சாப்பாடு மட்டும் நிற்கவில்லை!

2023-ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. பத்தில் மூன்று பேருக்கு இரத்தக் கொதிப்பு. மூன்றில் ஒருவருக்குக் கொழுப்பு அதிகம். நாட்டின் மூன்று பெரிய இனங்களில் நீரிழிவு அதிகமாக இருப்பது இந்தியர்களிடம்தான். இது பெருமைப்படுகிற முதலிடம் அல்ல.

எங்களுக்குத் தெரிந்த ஓர் அண்ணன். முப்பது வருஷம் பால் வெட்டியவர். தோட்டம் போனபின் அடுக்குமாடிக்கு வந்து இரவு ஜாகா வேலை பார்த்தார். இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார், தூக்கம் வராமல் இருக்க டின்பால் போட்ட தே தாரேக் மூன்று கோப்பை குடிப்பார், பகலில் தூங்குவார். ஐந்தாறு வருஷத்தில் சர்க்கரை வந்துவிட்டது. "எனக்கு என்னாங்க செய்யும், காட்டிலே வளர்ந்த உடம்பு" என்று கிளினிக்கிற்கே போகாமல் இருந்தார். புதுச் செலிப்பர் கடித்துக் காலில் ஒரு கொப்புளம். வலியே தெரியவில்லை. வலி தெரியாததால் கவனிக்கவும் இல்லை. கடைசியில் பெருவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. எத்தனையோ ஆயிரம் மைல் நடந்த கால், நடக்காமல் இருந்த ஐந்தாறு வருஷத்தில் விரலை இழந்தது. அந்த அண்ணனைப் பற்றிக் கடைசியில் இன்னும் கொஞ்சம் சொல்கிறோம்.

பஸ் சொன்ன பாடம்

உடம்பை அசைத்து வேலை செய்வதற்கும் இருதயத்திற்கும் உள்ள தொடர்பை உலகத்துக்கு எடுத்துக்காட்டியவர்கள் நம்மைப் போன்ற தொழிலாளிகளே. இலண்டன் நகரில் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் பஸ் தொழிலாளர்களை ஆராய்ந்தார். இரண்டு தட்டு பஸ்ஸில் ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். டிக்கெட் கொடுக்கும் நடத்துநரோ மேல்தட்டுக்கும் கீழ்தட்டுக்கும் நாள் முழுக்க ஏறி இறங்குவார். ஒரே பஸ், ஒரே புகை. ஆனால் ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. நடந்து கடிதம் கொடுக்கும் தபால்காரரையும் உட்கார்ந்து எழுதும் குமாஸ்தாவையும் ஒப்பிட்டபோதும் அப்படியே. இது 1953-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு. மோரிஸ் 99 வயது வரை வாழ்ந்து 2009-ஆம் ஆண்டில்தான் காலமானார்.

சர்க்கரைக்கும் இப்படிச் சான்று உண்டு. அமெரிக்காவில், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 3,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வாரம் 150 நிமிடம் நடை போன்ற பயிற்சி செய்து, உணவையும் எடையையும் குறைத்தவர்களுக்கு நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது 31 விழுக்காடுதான். இது 2002-ஆம் ஆண்டு வெளிவந்தது. "அது வெள்ளைக்காரன் உடம்பு" என்று சொல்பவர்களுக்கு: சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர் நம்மவர்களை வைத்தே செய்த ஆய்வு 2006-இல் வந்தது. அங்கும் நடையும் உணவுக் கட்டுப்பாடும் நீரிழிவு வருவதை 28 விழுக்காட்டுக்கு மேல் குறைத்தன.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நாம் சாப்பிடும் சோறும் ரொட்டியும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரையைத் தசைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கக் கதவு திறக்கும் சாவிதான் இன்சுலின். நீரிழிவுக்காரருக்கு இந்தச் சாவி சரியாக வேலை செய்வதில்லை. ஆனால் தசை அசையும்போது, இன்சுலின் உதவி இல்லாமலே அந்தக் கதவு திறந்துகொள்கிறது. நம் உடம்பில் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. நடக்கும்போது அவை அடுப்பு விறகைத் தின்பது போலச் சர்க்கரையைத் தின்கின்றன. அதனால்தான் சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தாலும் இரத்தச் சர்க்கரை அவ்வளவாக ஏறுவதில்லை.

கெண்டைக்கால் தசை இன்னொரு வேலையும் செய்கிறது. காலில் தேங்கும் இரத்தத்தை மேலே தள்ளும் பம்பு அது. ஜாகா வேலையில் உட்கார்ந்தே இருப்பவருக்கும், தொழிற்சாலையில் நின்றே இருப்பவருக்கும் சாயங்காலம் கால் வீங்குவது, இந்தப் பம்பு ஓடாததும் ஒரு காரணம்.

எவ்வளவு நடக்க வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்கு இது: பெரியவர்கள் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் நடுத்தர வேகத்தில் உடலை இயக்க வேண்டும். அதாவது நாளுக்கு அரைமணி, வாரம் ஐந்து நாள். ஒரே மூச்சில் நடக்க முடியாவிட்டால் பத்து நிமிடம் பத்து நிமிடமாகப் பிரித்து நடந்தாலும் கணக்கில் சேரும்.

"பத்தாயிரம் அடி நடக்கணுமாமே?" என்று பலர் கேட்கிறார்கள். அந்த எண் எந்த மருத்துவரும் எழுதிக்கொடுத்தது அல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, அடிகளை எண்ணும் ஒரு கருவியின் பெயரே "பத்தாயிரம் அடி அளவி" என்பது. அங்கிருந்து பரவியது. அமெரிக்காவில் வயதான பெண்களை வைத்து நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் பலன் பெரிதாகக் கூடவில்லை. ஆகவே பத்தாயிரத்தை நினைத்துப் பயந்து ஒரு அடியும் எடுத்து வைக்காமல் இருந்துவிடாதீர்கள்.

வேகத்தை அளக்க மிஷின் வேண்டாம். நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு பேச முடியவேண்டும். ஆனால் பாட்டுப் பாட முடியக்கூடாது. அதுதான் நடுத்தர வேகம். கடிகாரம் இருந்தால் 15 விநாடிக்கு 25 அடி வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கே நடப்பது?

"நம்ம தாமானிலே எங்கேங்க இடம்?" என்று கேட்காதீர்கள். வீட்டுப் பக்கத்தில் இருக்கும் பாடாங்கைப் பாருங்கள். முழு அளவுப் பந்துத் திடலைச் சுற்றினால் ஒரு சுற்று ஏறக்குறைய 350 மீட்டர். மூன்று சுற்று சுற்றினால் ஒரு கிலோமீட்டர் ஆயிற்று!

வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், நீண்ட நடை போடுங்கள். வீட்டிலிருந்து புறப்பட்டுப் பிள்ளைகள் விளையாடும் சிறு பூங்கா, அங்கிருந்து பள்ளித் திடல் ஓரம், பிறகு கோயில், அப்புறம் மழைநீர் தேங்கும் குளத்தைச் சுற்றிய நடைபாதை என்று இரண்டு மூன்று பூங்காவை ஒரு மாலை போலக் கோர்த்து ஒரு மணி நேரம் நடந்து வாருங்கள். ஒரே இடத்தைச் சுற்றும் சலிப்பு இருக்காது. ஒரு வருஷம் குடியிருந்தும் பார்க்காத தெருவைப் பார்ப்பீர்கள்.

பக்கத்தில் நல்ல பூங்கா உள்ளவர்கள் கொடுத்து வைத்தவர்கள். தைப்பிங்கில் உள்ள ஏரிப் பூங்கா 1880-இல், கைவிடப்பட்ட ஈயச் சுரங்கத்தில் உருவானது. தோண்டித் தூக்கி எறிந்த பள்ளம்தான் இன்று ஏரியும் மழைமரமுமாக நிற்கிறது. கோலாலம்பூரின் ஏரிப் பூங்கா 1888-இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் துரைமார்கள் குடையோடு உலாவிய இடம். இன்று உங்களை அங்கே தடுப்பவர் யார்? பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை தைப்பூச ரதத்தோடு கோலாலம்பூரிலிருந்து பத்துமலை வரைக்கும் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நடந்து, 272 படியும் ஏறிவிடுகிறோம். பக்தி நடத்திவிடுகிறது. மறுநாள் கால் வீங்கிப் படுத்தால், மறுபடியும் அடுத்த தைப்பூசத்துக்குத்தான் நடை. கால் கேட்பது மற்ற நாட்களுக்கு அரைமணிதான்.

படிப்படியாக நடங்கள்

முதல் இரண்டு வாரம்: நாளுக்கு 10 நிமிடம், மெதுவாக. மூன்றாம், நான்காம் வாரம்: 20 நிமிடம், கொஞ்சம் வேகம் கூட்டி. ஐந்தாம் வாரம் முதல்: 30 நிமிடம், வாரம் ஐந்து நாள். இரண்டு மாதம் கழித்து: ஞாயிறு மட்டும் 45 நிமிடம், பிறகு ஒரு மணி நேரம். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் எப்போதும் மெதுவாகவே இருக்கட்டும்.

செம்பனைக் காட்டில் குலை அறுத்துச் சுமக்கும் தோழர்கள் கேட்பார்கள்: "நாள் பூரா காட்டிலே அலையுறோம், இன்னும் நடக்கணுமா?" உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முதுகுக்கும் முழங்காலுக்கும் ஓய்வும், நிறையத் தண்ணீரும், நல்ல தூக்கமும் தான் உங்களுக்குத் தேவை. ஆனால் உங்கள் சம்சாரத்தையும், ஓய்வு பெற்ற அப்பாவையும் நடக்கச் சொல்லுங்கள். நீங்களும் வேலையை விடும் நாள் வரும்போது நடையை விட்டுவிடாதீர்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

கவனிக்க வேண்டியவை

நேரம்: 1982 ஜனவரி முதல் நாள் நம் நாட்டுக் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியதிலிருந்து, இங்கே பொழுது ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது. ஏழிலிருந்து ஒன்பதுக்குள், இல்லையென்றால் மாலை ஆறுக்கு மேல் நடப்பது நல்லது. ஏடிஸ் கொசு விடியலிலும் அந்தியிலும் கடிக்கும். கை கால் மறைக்கும் உடுப்புப் போடுங்கள்.

வானம்: இடி முழக்கம் கேட்டால் உடனே திடலை விட்டு வெளியேறுங்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக் குறியீடு 100-ஐத் தாண்டினால் அன்று வெளிநடை வேண்டாம். வீட்டுக்குள்ளேயே நடங்கள்.

பாதுகாப்பு: சகோதரிகள் தங்கச் சங்கிலியை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். மூன்று நான்கு பேராகச் சேர்ந்து நடங்கள். சடக்கு ஓரம் நடக்க நேர்ந்தால், எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடங்கள்.

சப்பாத்து: செலிப்பர் போட்டு நீண்ட நடை போகாதீர்கள். விலை உயர்ந்தது வேண்டியதில்லை. விரலை நெருக்காத, குதிகாலைப் பிடிக்கும் சப்பாத்தும் சுத்தமான காலுறையும் போதும். சப்பாத்தைச் சாயங்காலம் வாங்குங்கள்; அப்போதுதான் கால் கொஞ்சம் பருத்திருக்கும், அளவு சரியாக வரும்.

சர்க்கரை உள்ளவர்கள்: இவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. புல் மேல் என்றாலும் கூடாது. நடந்து வந்ததும் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கையும் உள்ளங்காலையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், இல்லையேல் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். புண்ணோ கொப்புளமோ இருந்தால் அன்றே கிளினிக். இன்சுலின் போடுபவரும், சர்க்கரையை இறக்கும் சிலவகை மாத்திரை சாப்பிடுபவரும் வெறும் வயிற்றில் நடக்காதீர்கள். சட்டைப் பையில் நாலைந்து மிட்டாய் இருக்கட்டும். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி வந்தால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள். உட்கார்ந்து, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். அல்லது மிட்டாயைச் சாப்பிடுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் சாப்பிட்டு, உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள்.

இருதய நோய், இரத்தக் கொதிப்பு, காலில் புண் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, தலை சுற்றினாலோ உடனே நின்று 999-ஐ அழையுங்கள். "வாயுவா இருக்கும்" என்று வீட்டுக்கு நடக்காதீர்கள். மாத்திரை சாப்பிடுபவர்கள், நடக்கிறோமே என்று மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவும் கூடாது.

நடந்த நடை கோப்பிக்கடையில் போகவேண்டாம்

அரைமணி நடந்தால் சுமார் 120, 150 கலோரிதான் செலவாகும். நடை முடிந்து நண்பர்களோடு பசியாற உட்கார்ந்து ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டால் அதிலேயே சுமார் 300 கலோரி உள்ளே போகிறது. டின்பால் ஊற்றிய தே தாரேக் தனிக் கணக்கு. கூட உட்காருங்கள், பேசுங்கள், சிரியுங்கள். அதுவும் உடம்புக்கு மருந்துதான். ஆனால் சீனி இல்லாத தேத்தண்ணீரோடு, இட்லியோ தோசையோ அளவாகச் சாப்பிடுங்கள்.

இடம் நம் உரிமை

ஒரு விஷயத்தைச் சங்கத்துப் பத்திரிகையில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது? புதிதாக வீடமைப்புப் பகுதி கட்டும்போது, நிலத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளிக்கு விடவேண்டும் என்பது நகர், கிராமத் திட்டத் துறையின் வழிகாட்டி. அந்தத் திடலும் பூங்காவும் யாரும் போட்ட பிச்சை அல்ல. ஆனால் யாரும் நடக்காத பூங்காவில் லாரி நிற்கும், குப்பை சேரும், விளக்கு எரியாது. நாலு பேர் தினமும் நடக்கும் பூங்காவில் புல் வெட்டப்படும். விளக்கு எரியவில்லையா, நடைபாதை உடைந்திருக்கிறதா? பத்துப் பேர் கையெழுத்திட்டு நகராண்மைக் கழகத்துக்கு எழுதுங்கள். தோட்டத்தில் குடியிருப்போர், திடலையும் சடக்கு விளக்கையும் பற்றி உங்கள் தோட்டக் கமிட்டி மூலம் நிர்வாகத்திடம் கேளுங்கள். சம்பளத்துக்குப் பேசும் வாய் உடல்நலத்துக்கும் பேசட்டும்.

அந்த அண்ணன்

விரல் எடுத்த பிறகு அவர் வீட்டை விட்டு இறங்கவே இல்லை. முதலில் நடக்கத் தொடங்கியது அவர் சம்சாரம்தான். பக்கத்து வீட்டு அக்கா இருவரோடு காலையில் திடலைச் சுற்றுவார். அண்ணன் மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். புண் முழுதும் ஆறி, டாக்டர் சரி என்று சொல்லி, கிளினிக்கில் சொன்ன மாதிரிச் சப்பாத்தும் வாங்கிய பிறகு, ஒரு நாள் அவரும் இறங்கி வந்தார். அன்று பாதிச் சுற்றுதான். "நிரை முடியலே, மழை வந்திருச்சுன்னு வெச்சிக்கங்க" என்று சிரித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார்.

இன்று மூன்று சுற்று நடக்கிறார். சர்க்கரை அவரை விட்டுப் போய்விடவில்லை. மாத்திரையும் உண்டு, கிளினிக்கும் உண்டு. ஆனால் மற்ற ஒன்பது விரலும் பத்திரமாக இருக்கின்றன. தினமும் அவரே பார்த்து எண்ணுகிறார்.

நீங்கள் விரலை எண்ணும் நிலைக்கு வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், தோழரே. இதைப் படித்து முடித்ததும் பத்திரிகையை மடித்து வையுங்கள். சப்பாத்தை மாட்டுங்கள். சம்சாரத்தையோ கூட்டாளியையோ கூப்பிடுங்கள். பத்தே நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். நாளைக்கும் அப்படியே.

வருமுன் காப்போம். வணக்கம்.